பார்க்கின்சன் வந்த பிறகும் கச்சேரி மேடையில் தொடர முடியுமா?

வில்லும் விரலும் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் பல ஆண்டுகளாக வயலின் பக்கவாத்தியம் வாசித்து வருகிறேன். எனக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதாக நரம்பியல் மருத்துவர் சென்ற ஆண்டு உறுதிசெய்தார். நடுக்குவாதம் என்றதும் எல்லோரும் கை நடுங்குவதைத்தான் நினைக்கிறார்கள், ஆனால் எனக்கு முதலில் வந்தது நடுக்கம் அல்ல. நுனிவரை போக வேண்டிய வில் பாதியிலேயே திரும்பிவிடுகிறது என்று என் மாணவி ஒருத்திதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நானோ முழு வில் போட்டுக்கொண்டிருப்பதாகவே நம்பியிருந்தேன். துரித கால ஸ்வரங்களில் முதல் ஆவர்த்தனம் தெளிவாக விழும், போகப் போக ஒலி மெலிந்து ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடக்கையில் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் இன்றுவரை பழுதில்லாமல் வருகிறது.

மாத்திரை தொடங்கிய பிறகு நல்ல நேரங்களில் யாருக்கும் வேறுபாடு தெரிவதில்லை. மாத்திரையின் வலு இறங்கும் நேரங்களில் வில் கையைத் தூக்குவதே பாரமாக இருக்கிறது. வரும் மார்கழிக்குச் சில கச்சேரிகளை முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறேன். மேடையை விட்டுவிடும்படி குடும்பத்தார் சொல்கிறார்கள். பிரதான வித்வான்களிடமும் சபாக்களிடமும் நோயைச் சொல்லிவிடுவதா, அடுத்த ஆண்டுகளில் அழைப்பே வராமல் போய்விடுமா என்ற கவலையும் இருக்கிறது. இந்த நோயோடு இசையைத் தொடர்ந்தவர்களும், அவர்களோடு வாழ்ந்தவர்களும், மருத்துவம் அறிந்தவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மதுரை நரம்பியலாளர்

வணக்கம் ஐயா. உங்கள் சிகிச்சை குறித்து உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவானது. நீங்கள் சொன்ன அடையாளங்களுக்கு என்ன காரணம் என்பதை மட்டும் விளக்குகிறேன், ஏனெனில் காரணம் புரிந்தால் எதைச் சரிசெய்ய முடியும் என்பதும் புரியும்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817இல் இந்த நோயை விவரித்துக் கட்டுரை எழுதினார். நடுமூளையில் கருமை நிறம் கொண்ட ஒரு சிறு பகுதியில், அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதுதான் இதன் அடிப்படை. அசைவு மந்தமாவது, தசை இறுகுவது, ஓய்வு நிலையில் நடுங்குவது ஆகியவை முக்கிய அடையாளங்கள், இவை பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். நடுக்கம் வினாடிக்கு நான்கு முதல் ஆறு முறை வரும், கையை மடியில் சும்மா வைத்திருக்கும்போது தெரியும், கை ஒரு வேலையில் இறங்கியதும் பலருக்குக் குறைந்துவிடும். ஆலாபனைக்குக் காத்திருக்கும்போது நடுங்கும் கை, வில்லை எடுத்ததும் அடங்கிவிடுவதைப் பார்த்துக் குடும்பத்தார் வியப்பது உண்டு, நோயின் இயல்பே அதுதான்.

வாத்தியக்காரருக்கு நடுக்கத்தைவிடப் பெரிய இடையூறு, அசைவின் அளவு சுருங்குவது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் சிறிதாகிக்கொண்டே போகும், எழுதும்போது வரி முடிவதற்குள் எழுத்து பொடிப்பொடியாகிவிடுவதும் இதனால்தான். உங்கள் வில் சுருங்கியதும், துரித கால ஸ்வரங்கள் போகப் போக மங்கியதும் இதே காரணத்தால்தான். இதில் கவனிக்க வேண்டியது, சுருங்கியது நோயாளிக்குத் தெரிவதில்லை, அவருக்கு அது முழு அளவாகவே தோன்றும். எனவே உங்கள் காதையும் கையையும் மட்டும் நம்பாமல், நிறைய ஒளிப்பதிவு செய்து பாருங்கள். அந்த மாணவி சொன்னதுபோல் வெளியிலிருந்து ஒருவர் சொல்வது உங்களுக்கு இனி வைத்தியத்தின் ஒரு பகுதி.

ஆறு தந்தி

கோவையில் கிட்டார் கற்பிக்கிறேன், எனக்குத் தெரிந்த உலகம் மேற்கத்திய ராக் இசை. ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் கிட்டார் கலைஞர் கிளென் டிப்டனின் கதை ஐயாவுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

அவர் 2018 பிப்ரவரியில் தமக்குப் பார்க்கின்சன் இருப்பதைப் பகிரங்கமாக அறிவித்தார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே நோய் கண்டறியப்பட்டிருந்தது, அந்தப் பத்து ஆண்டுகளும் அவர் உலகமெங்கும் பயணம் செய்து வாசித்துக்கொண்டுதான் இருந்தார். அறிவித்தபோதும் அவர் இசையை விட்டுவிட்டதாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டு வெளிவந்த ஃபயர்பவர் தொகுப்பில் வாசித்திருந்தார், நீண்ட சுற்றுப்பயணத்தை மட்டும் விட்டுக்கொடுத்தார். அவர் இடத்தில் அந்தத் தொகுப்பின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஆண்டி ஸ்னீப் வாசித்தார், உடல் இடம்கொடுத்த ஊர்களில் நிகழ்ச்சியின் இறுதிப் பாடல்களுக்கு டிப்டன் மேடையேறினார்.

இதில் என்னைத் தொட்டது, அவர் தம் வாசிப்பைத் தாமே பிரித்துப் பார்த்த விதம். எல்லாப் பாடல்களும் அவருக்கு ஒரே அளவு கடினமாகிவிடவில்லை. சில பாடல்களில் விரல் ஓட்டம் மிகையாக இருந்தது, சிலவற்றை அவரால் நன்றாகவே வாசிக்க முடிந்தது. முடிந்தவற்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, முடியாதவற்றை வேறொருவரிடம் ஒப்படைத்தார். ஐயா இன்று எடுக்க வேண்டிய முடிவு, மேடையா வீடா என்பதாக இருக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலை இசை வாசகி

ஆறு தந்தி அவர்கள் சொன்னதை மதிக்கிறேன், ஆயினும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் 2009இல் கடைசி மேடையை முடித்துக்கொண்டார், 2013இல் பார்க்கின்சன் நோயால் தம்மால் பாடவே முடியவில்லை என்று தெரிவித்தார். ராக், நாட்டுப்புற இசை, ஆப்பரெட்டா, மெக்சிகோவின் மரியாச்சி என்று எல்லாவற்றையும் பாடிய குரல் அது. நோய் என்னவென்று தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொண்டை தம் சொற்படி நடக்கவில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். நீல் டைமண்ட் 2018 ஜனவரியில் நோயை அறிவித்த உடனே, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மீதமிருந்த நிகழ்ச்சிகளை ரத்து செய்து சுற்றுப்பயண வாழ்வை முடித்துக்கொண்டார்.

பணம் கொடுத்து வரும் ரசிகர்களுக்கு முழுமையான இசையைத் தர முடியாதபோது விலகிவிடுவதும் கலைக்குச் செய்யும் மரியாதையே. தொடர்ந்து வாசிப்பவரை மட்டும் வீரர் என்று புகழ்ந்து, விலகியவரைத் தோற்றவராகக் கருதும் போக்கு நம்மிடம் வந்துவிடக் கூடாது. பார்க்கின்சன் வந்தால் பாட முடியாது என்பதற்கு ரான்ஸ்டாட்டே சான்று.

மதுரை நரம்பியலாளர்

அம்மா, விலகுவதும் மரியாதைக்குரிய முடிவே என்பதில் உங்களோடு முழுமையாக ஒத்துப்போகிறேன். ஆனால் ரான்ஸ்டாட் அவர்களைச் சான்றாகக் காட்டி, பார்க்கின்சன் வந்தால் பாட முடியாது என்று முடிவு கட்டுவது சரியாகாது. அவருக்கு இருப்பது பார்க்கின்சன் அல்ல, அதைப்போலவே தொடக்கத்தில் தோற்றமளிக்கும் பி.எஸ்.பி. என்ற வேறொரு நோய் என்பது பின்னர் தெரியவந்தது, அவரே 2019இல் அதைச் சொன்னார். அந்த நோயில் கண்களை மேலும் கீழும் அசைப்பது கடினமாகும், தொடக்கத்திலேயே பின்பக்கமாக விழுவார்கள், பேச்சும் விழுங்குதலும் விரைவில் பாதிக்கப்படும், மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற மருந்துக்குப் பெரிதாகப் பலன் இருக்காது. பார்க்கின்சன் நோயில் அந்த மருந்துக்குப் பெரும்பாலோருக்கு நல்ல பலன் உண்டு, அந்தப் பலனே நோயை உறுதிசெய்யவும் உதவுகிறது.

இன்னும் இரண்டு குழப்பங்களையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எசென்ஷியல் டிரெமர் என்ற நடுக்கம், கை வேலை செய்யும்போதுதான் வரும், அது வேறு நோய். வாத்தியக்காரர்களுக்கு வரும் டிஸ்டோனியாவும் வேறு. அதில் குறிப்பிட்ட வாத்தியத்தை வாசிக்கும்போது மட்டும் விரல் தானாக மடங்கிக்கொள்ளும், மற்ற வேலைகளுக்குக் கை நன்றாகவே ஒத்துழைக்கும். ஒருவரின் அனுபவத்தை இன்னொருவருக்குப் பொருத்திப் பார்க்கும் முன், இருவருக்கும் ஒரே நோய்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேச்சுப் பயிற்சியாளர்

பாடகர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். பார்க்கின்சன் உள்ளவர்களில் மிகப் பலருக்குக் குரலின் ஒலியளவு குறைகிறது, சொற்கள் மழுங்குகின்றன, குரலில் ஏற்ற இறக்கம் தட்டையாகிறது. மருத்துவர் வில்லைப் பற்றிச் சொன்னது குரலுக்கும் அப்படியே பொருந்தும். முணுமுணுப்பதுபோல் பேசும் ஒருவரைக் கொஞ்சம் உரக்கப் பேசச் சொன்னால், ஏற்கெனவே உரக்கத்தான் பேசுவதாகச் சொல்வார், வீட்டிலுள்ளவர்களுக்குத்தான் காது மந்தமாகிவிட்டது என்று வருத்தப்படுவார்.

இதற்காக 1980களின் இறுதியில் அமெரிக்காவில் உருவான எல்.எஸ்.வி.டி. என்ற பயிற்சி முறை இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. வாரத்துக்கு நான்கு நாட்கள், நாளுக்கு ஒரு மணி நேரம், நான்கு வாரங்கள் என்ற கணக்கில் நடக்கும் இந்தப் பயிற்சியில் ஒரே ஓர் இலக்குதான் உண்டு, உரக்க ஒலிப்பது. நோயாளிக்குக் கத்துவதுபோல் தோன்றும் அளவுதான் கேட்பவருக்கு இயல்பான அளவு என்பதை உடலுக்குப் பழக்குகிறோம். நம் பாடகர்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. மூச்சு நிறைய எடுத்து, வாயை முழுதாகத் திறந்து, சுருதியோடு சேர்ந்து நீளமாக நிறுத்தும் அகார சாதகம் அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். நான் பயிற்சி அளித்த ஒரு பாட்டு ஆசிரியை, மந்தர பஞ்சமத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஸ்வரத்தையும் மூச்சு தீரும்வரை நிறுத்துவதைத் தம் காலைச் சாதகத்தோடு சேர்த்துக்கொண்டார். அவருக்குப் பழைய அதிவேகப் பிருகாக்கள் திரும்பவில்லை. ஆனால் விளம்ப காலக் கீர்த்தனையை வகுப்பின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாட அவரால் முடிகிறது.

உட்காரும் நிலையையும் கவனிக்க வேண்டும். இந்த நோயில் முதுகு முன்னோக்கி வளையும், வளைந்தால் மூச்சு குறையும், மூச்சு குறைந்தால் குரல் இன்னும் மெலியும். தரையில் சம்மணமிட்டுத்தான் பாட வேண்டும் என்ற வழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, முதுகு நிமிர்ந்திருக்கும்படி ஓர் ஆசனத்தில் அமர்ந்தால் பலருக்குக் குரல் உடனே தெளிவதைக் கேட்டிருக்கிறேன்.

வலந்தலை

நான் மிருதங்கம் வாசிப்பவன். பக்கத்தில் அமர்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஐயா கட்டாயம் சொல்லிவிடுங்கள். சபாவிடம் சொல்வது பிறகு இருக்கட்டும், மேடையில் உங்களோடு இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

காரணத்தையும் சொல்கிறேன். இந்த நோய் உள்ள மூத்த கலைஞர் ஒருவருக்கு நான் வாசித்திருக்கிறேன். தனியாக ஸ்வரம் வாசிக்கும்போது அவருடைய காலப்பிரமாணம் அவரறியாமல் முந்தும், மிருதங்கம் சேர்ந்ததும் அப்படியே கட்டுக்குள் வந்துவிடும். எனக்கு விஷயம் தெரியாதிருந்த நாட்களில், அவர் விரும்பித்தான் காலத்தை ஏற்றுகிறார் என்று நினைத்து நானும் பின்தொடர்ந்து ஓடுவேன், இருவருமாகச் சேர்ந்து பல்லவியின் எடுப்பை அவசரப்படுத்திவிடுவோம். அவர் மனம் திறந்து சொன்ன பிறகு நான் என் வாசிப்பையே மாற்றிக்கொண்டேன். தாளம் தொடங்கும் சமத்திலும் அரையிடத்திலும் மிருதங்கச் சொல்லைக் கொஞ்சம் அழுத்தி வைப்பேன், ஸ்வரப் பகுதியில் இடைநிரப்பும் சொற்களை அதிகம் நெய்யாமல் தாளத்தின் எலும்புக்கூடு தெரியும்படி வாசிப்பேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து வாசிப்பார். ரசிகர்கள் யாருக்கும் இதில் எதுவும் தெரியவில்லை, கச்சேரி மட்டும் நன்றாக அமைந்தது.

இதற்கு மருத்துவக் காரணம் உண்டா என்று மருத்துவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

மதுரை நரம்பியலாளர்

உண்டு. ஒரு லயத்தை உள்ளிருந்தே உருவாக்கி நடத்துவதில், டோபமைன் குறைவால் பாதிக்கப்படும் மூளைப் பகுதிகளுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு லயம் காதில் விழுந்தால், அதைப் பின்பற்றி அசைவதற்கு மூளை மற்ற வழிகளையும் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. தாள ஒலிக்கு ஏற்ப நடக்கச் செய்து பார்க்கின்சன் நோயாளிகளின் நடையைச் சீராக்கும் பயிற்சி 1990களில் மைக்கேல் தாவ்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் ஆய்ந்து நிறுவிய ஒன்று. நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001 முதல் இந்த நோயாளிகளுக்கு நடன வகுப்பு நடத்தி வருவதும் இந்த அடிப்படையில் வலுப்பெற்றதுதான். நீங்கள் சமத்தை அழுத்தி வைத்தது அவருக்குக் கிடைத்த வெளி லயம்.

நாயனக்காரர் மகள்

என் அப்பா தஞ்சை மாவட்டத்தில் கோயில் நாகஸ்வரக்காரர். நோய் வந்த பிறகும் பல ஆண்டுகள் வாசித்தார். வீட்டில் நாங்கள் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு எல்லாமே மாத்திரை நேரக் கணக்குதான். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆனால்தான் விரல் தளரும், அதன் பிறகு சுமார் இரண்டு மணி நேரம் நன்றாக இருப்பார், பிறகு முகமும் விரலும் சேர்ந்து இறுகும். இதைத் தெரிந்துகொள்ளாத நாட்களில், சுவாமி புறப்பாடு தாமதமாகி, நல்ல நேரம் முழுவதும் மண்டபத்தில் காத்திருப்பதிலேயே கழிந்து, மல்லாரி எடுக்கும் நேரத்தில் அவருக்கு விரல் ஓடாமல் போனது உண்டு. பிறகு நானே கோயிலில் விசாரித்துக்கொண்டு, புறப்பாட்டு நேரம் உறுதியான பிறகே மாத்திரையைக் கையில் கொடுப்பேன், அதற்கு எவ்வளவு நேரம் முன்பின் ஆகலாம் என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்திருந்தேன்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். பருப்பு, பால், தயிர், முட்டை போன்ற புரதச் சத்து மிகுந்த உணவோடு சேர்த்து மாத்திரையைப் போட்டால் மருந்து சரியாக ஏறாது. உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ போடச் சொன்னார்கள். கச்சேரிக்கு முன் கோயிலில் கொடுக்கும் தயிர்சாதத்தை அப்பா வாசிப்பு முடிந்த பிறகுதான் தொடுவார்.

வாயில் எச்சில் தேங்குவது எங்களுக்குப் பெரிய சோதனையாக இருந்தது. எச்சில் அதிகமாகச் சுரப்பதில்லை, விழுங்குவது குறைவதால் தேங்குகிறது என்று மருத்துவர் விளக்கினார். நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி சீக்கிரம் நனைந்து ஊறிவிடும், நாதம் அமுங்கும். அப்பா இரண்டு மூன்று சீவாளிகளைப் பக்குவப்படுத்திக் கையருகில் வைத்துக்கொண்டு அடிக்கடி மாற்றுவார், ஒவ்வொரு சங்கதிக்கும் முன்னால் நினைவாக ஒருமுறை விழுங்கிக்கொள்வார். உதட்டுப் பிடிப்பு தளர்ந்தபோது மேல் ஸ்தாயியில் நிற்பதைக் குறைத்துக்கொண்டு மத்திம ஸ்தாயியிலேயே ராகத்தை விரித்தார். தோடியை அவர் அப்படி வாசித்தபோது, முன்பைவிட நிதானமாக இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு.

நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும், அதுவும் வாசற்படியில்தான் அதிகம். கோபுர வாசலில் அப்படி நின்றுவிட்டால் தவில்காரர் மெதுவாக நான்கு சொல் தட்டுவார், அப்பா அந்தத் தட்டுக்குக் கால் எடுத்து வைத்து உள்ளே வந்துவிடுவார். எங்கள் ஊர்க்காரர்கள் அதையும் வாசிப்பின் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள்.

மூலிகை நேசன்

பூனைக்காலி விதையில் இயற்கையாகவே இந்த நோய்க்கான மருந்து இருப்பதாகப் படித்தேன். ஆங்கில மருந்தைக் குறைத்துக்கொண்டு அதை எடுத்துக்கொள்ளலாமே?

மதுரை நரம்பியலாளர்

பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. பிரச்சினையும் அதில்தான் இருக்கிறது. மாத்திரையில் லெவோடோபா எவ்வளவு என்பது நிச்சயம், அதோடு கார்பிடோபாவும் சேர்ந்திருப்பதால் மருந்து வழியிலேயே வீணாகாமல் மூளைக்குச் செல்கிறது, குமட்டலும் குறைகிறது. விதைப் பொடியில் ஒவ்வொரு முறையும் அளவு மாறும். மாத்திரையோடு இதையும் சேர்த்து எடுத்தால் மருந்து மிகையாகி, உடல் தானாக நெளியும் அசைவுகளும், குழப்பமும், இரத்த அழுத்தம் இறங்குவதும் வரலாம். யார் எதை எடுத்தாலும் தங்கள் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மாத்திரையைத் திடீரென்று தாமாக நிறுத்துவதும் ஆபத்தானது.

பயணம் செய்யும் கலைஞர்கள் இன்னொன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் வாந்தி என்று அவசரச் சிகிச்சைக்குப் போனால் மெட்டோகுளோபிரமைடு கொடுக்கப்படலாம், அது டோபமைனின் வேலையைத் தடுத்து நோயை மோசமாக்கும். பார்க்கின்சன் இருப்பதை மருந்து கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், பணப்பையில் ஒரு சீட்டாகவே வைத்திருப்பது நல்லது.

ஆறு தந்தி

மூளையில் மின்முனை வைக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? அறுவை மேசையில் படுத்தபடியே வாத்தியம் வாசிப்பவர்களின் காணொளிகள் அடிக்கடி பகிரப்படுகின்றன.

மதுரை நரம்பியலாளர்

அந்தக் காணொளிகளில் பல, பார்க்கின்சன் நோயாளிகளுடையவை அல்ல. மினசோட்டா இசைக்குழுவின் ரோஜர் ஃபிரிஷ் அறுவையின்போது வயலின் வாசித்தது எசென்ஷியல் டிரெமருக்காக. 2017இல் பெங்களூரில் ஒருவர் அறுவையின்போது கிட்டார் வாசித்தது டிஸ்டோனியாவுக்காக.

ஆழ்மூளைத் தூண்டல் என்ற இந்தச் சிகிச்சை 1980களின் இறுதியில் பிரான்சின் கிரனோபிளில் பெனபிட் என்பவரின் குழுவால் வளர்ந்தது, பார்க்கின்சன் நோய்க்கு அமெரிக்காவில் 2002இல் ஒப்புதல் பெற்றது. மூளைக்குள் மெல்லிய மின்முனைகளை வைத்து, நெஞ்சுப் பகுதியில் தோலுக்கடியில் வைக்கும் மின்கலக் கருவியோடு இணைக்கிறார்கள். லெவோடோபாவுக்கு நல்ல பலன் இருந்தும் அந்தப் பலன் ஏறி இறங்கி அலைக்கழிப்பவர்களுக்கு இது உதவும். நோயைக் குணப்படுத்தாது. வாத்தியக்காரரின் கைக்குப் பெரும் உதவியாக அமையக்கூடிய இச்சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குப் பேச்சும் குரலும் மோசமாகின்றன என்பதால், பாடகர்கள் இருமுறை யோசிக்க வேண்டும்.

நார்வேயின் ஆ-ஹா குழுப் பாடகர் மார்ட்டன் ஹார்கெட் 2025 ஜூனில் தம் நோயை வெளியிட்டபோது, 2024இல் இரு பக்கமும் இந்தச் சிகிச்சை செய்துகொண்டதையும், உடல் அடையாளங்கள் பெரிதும் தணிந்ததையும் தெரிவித்தார். குரல் மட்டும் அவருக்குத் தீராத கேள்வியாக இருந்தது. டோபமைன் மருந்து எடுத்தால் குரலில் தொல்லை, எடுக்காவிட்டால் குரல் அமைதியாகிறது, ஆனால் மற்ற அடையாளங்கள் தலைதூக்குகின்றன என்ற நிலையை அவர் மறைக்காமல் சொன்னார். கை வேலைக்கும் குரலுக்கும் ஒரே மருந்து ஒரே பலனைத் தருவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

மேலை இசை வாசகி

ரான்ஸ்டாட் பற்றிய தகவலுக்கு நன்றி மருத்துவர் ஐயா. அப்படியென்றால் நான் கேட்க வேண்டிய கேள்வியும் மாறுகிறது. உடல் மிகவும் தளர்ந்த பிறகும் மேடையில் இருந்தவர்களை எப்படிப் பார்ப்பது?

ஜெர்மானிய இசை நடத்துனர் குர்ட் மாசூர் 2012 ஏப்ரலில் பாரிசில் நிகழ்ச்சியின் நடுவே மேடையிலிருந்து விழுந்து காயமடைந்தார். அந்த ஆண்டு அக்டோபரில், பல ஆண்டுகளாகத் தமக்குப் பார்க்கின்சன் இருப்பதை வெளியிட்டார், அதன் பிறகும் அமர்ந்தபடி நடத்தினார். முன்பே வெளியிட்டிருந்தால் மேடையில் ஒரு கைப்பிடியோ நாற்காலியோ முன்பே வந்திருக்கும் அல்லவா என்று தோன்றுகிறது. ஓஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமின் வில்லா பார்க் அரங்கில் ஒரு பெரிய ஆசனத்தில் அமர்ந்தபடியே பாடி விடைபெற்றார், அந்த மாதம் 22ஆம் தேதி காலமானார். அவருக்கு முதுகுத்தண்டுப் பிரச்சினையும் இருந்தது. அந்த நிகழ்ச்சியின் வருவாய் சென்ற இடங்களில் பார்க்கின்சன் ஆய்வுக்கான அறக்கட்டளையும் ஒன்று. அவர் நிற்கவில்லை என்பதைக் குறையாகப் பேசிய யாரையும் நான் பார்க்கவில்லை. ரசிகர்கள் கேட்பது முழுமை என்று நான் முன்பு எழுதினேன். எதில் முழுமை என்பதைக் கலைஞர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், ரசிகர்கள் அதைத்தான் எதிர்பார்த்து வருகிறார்கள் என்று இப்போது எண்ணுகிறேன்.

சபா ஊழியன்

ஒரு நடுத்தர சபாவில் நிகழ்ச்சிப் பட்டியல் போடும் பணியில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தை நேர்மையாகச் சொல்கிறேன். நோய் என்று கேள்விப்பட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும் சபாக்கள் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். அதைவிட எங்களை அச்சுறுத்துவது, எதுவும் சொல்லாமல் வந்து மேடையில் தடுமாறும் நிலை. முன்கூட்டியே தெரிந்தால் எங்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இரண்டு மணிக் கச்சேரியா, நாலு மணியா, மாலை ஆறரையா என்பதில் பெரும்பாலும் எங்களுக்கு இடமிருக்கிறது, மாற்றிக் கொடுக்கலாம். திரை விலகும்போதே கலைஞர் ஆசனத்தில் அமர்ந்திருக்கும்படி செய்துவிட்டால், எல்லோர் முன்னாலும் நடந்து வர வேண்டிய சிரமம் இல்லை. நீண்ட நேரம் அமர்ந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்பதை ஒரு கலைஞர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம், அதன் பிறகு அவருக்குப் பொன்னாடையை அமர்ந்த நிலையிலேயே போர்த்தினோம். இதற்கெல்லாம் செலவு எதுவும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். நேரம் தவறாமல் தொடங்கும் பொறுப்பை எங்களிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். முன் நிகழ்ச்சி நீண்டு, உரைகள் நீண்டு, அரை மணி நேரம் தள்ளிப்போவதை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். நாயனக்காரர் மகள் எழுதியதைப் படித்த பிறகுதான், அந்த அரை மணி நேரம் ஒரு கலைஞரின் கையையே பறித்துவிடும் என்பது எனக்கு உறைத்தது.

வில்லும் விரலும்

எல்லோருக்கும் தனித்தனியே நன்றி. இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்ததில் என் கேள்வி எனக்கே வேறு விதமாகத் தெரிகிறது. பார்க்கின்சன் என்ற பெயரைப் பார்த்து முடிவெடுக்க முயன்றுகொண்டிருந்தேன். என்னிடம் குறைந்திருப்பது வில்லின் நீளமும், நெடுநேரத் துரித காலமும். குறையாதது இடக்கையும், ஆலாபனையும், பிரதான வித்வானைக் காது கொடுத்துக் கேட்டுத் தொடரும் பழக்கமும்.

சில முடிவுகளை எடுத்திருக்கிறேன். மூன்று மணி நேரக் கச்சேரிகளையும், விரிவான ராகம் தானம் பல்லவி உள்ளவற்றையும் இந்த ஆண்டு வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கப் போகிறேன், என் மாணவிக்கே சிலவற்றைக் கேட்டிருக்கிறேன். மற்றவற்றில் பாடகர்களிடம் இன்றே தொலைபேசியில் பேசத் தொடங்கிவிட்டேன். ஒருவர், நல்லவேளை சொன்னீர்கள், கற்பனை ஸ்வரத்தை நான் குறுக்கிக்கொள்கிறேன், ராகத்தில் உங்களுக்கு நிறைய இடம் தருகிறேன் என்றார். இன்னொருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார், பதில் இன்னும் வரவில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது. ஆயினும் மேடையில் நடுவழியில் தெரியவந்து அவர் சங்கடப்படுவதைவிட இது மேல்.

வலந்தலை அவர்களிடம் ஓர் உதவி. சமத்தை அழுத்தி வாசிப்பதைப் பற்றி எழுதினீர்களே, அப்படி ஒருமுறை என்னோடு வாசித்துப் பார்க்க முடியுமா? மாத்திரையின் வலு ஏறியிருக்கும் நேரத்தில் ஒரு முறையும், இறங்கும் நேரத்தில் ஒரு முறையும் வாசித்து, இரண்டையும் ஒளிப்பதிவு செய்து என் மருத்துவரிடம் காட்ட விரும்புகிறேன்.

வலந்தலை

கட்டாயம் வருகிறேன் அண்ணா. இரண்டு காலத்திலும் ஒரு வர்ணம், பிறகு விளம்ப காலத்தில் ஒரு கீர்த்தனை, கொஞ்சம் ஸ்வரம் என்று வைத்துக்கொள்ளலாம். மாத்திரை நேரத்தை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள், அதற்கு ஏற்றபடி கிளம்பி வருகிறேன். உங்கள் மாணவியையும் வரச் சொல்லுங்கள், வில்லைக் கவனிக்க அந்தப் பெண் இருந்தால் நல்லது.